மத்திய அலையின் இரவுகள்

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், 1933இல், பெர்னார்ட் டெலகென் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தை மத்திய அலையில் கேட்டபோது, அதன் நிகழ்ச்சிக்கு அடியில் இன்னொரு நிலையமும் மெல்லியதாக ஒலிப்பதைக் கவனித்தார். அது லக்ஸம்பர்க் வானொலி. பெரோமுன்ஸ்டருக்குப் பக்கத்து அலைவரிசையில்கூட அது இல்லை. வெகுதொலைவு தள்ளி நெட்டலையில் இயங்கிய நிலையம். வானொலிப் பெட்டியில் கோளாறு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். டெலகென் பெட்டிகளின் உள்வயணம் அறிந்தவர். பென்டோடு வால்வைக் கண்டுபிடித்தவரே அவர்தான். கலப்பு பெட்டிக்குள் நடக்கவில்லை, வானத்தில் நடக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். லக்ஸம்பர்க்கின் வலுவான அலை தனக்கு மேலிருந்த காற்று மண்டலத்து எலெக்ட்ரான்களைச் சூடாக்கியது. அதன் ஒலி ஏறி இறங்கியதற்கு ஏற்ப அந்தச் சூடும் ஏறி இறங்கியது. அதே வழியாகக் கடந்துபோன பெரோமுன்ஸ்டரின் அலை, அந்த ஏற்ற இறக்கத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு நெதர்லாந்து வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய இயற்பியலாளர்கள் பெய்லியும் மார்ட்டினும் இதற்குக் கணித விளக்கம் தந்தார்கள். இன்று பாடநூல்களில் இது லக்ஸம்பர்க் விளைவு.

தொலைதூர நிலையங்களை இரவில் தேடிக் கேட்பதைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் பழைய நினைவுகள்: மர்ஃபி பெட்டி, திண்ணை, பழைய பாட்டு. அந்த நினைவுகளை நானும் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு, அது போதிய அளவு பேசப்படவில்லை. மேல் வளிமண்டலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி, வேறு காரியத்துக்காக நிறுவப்பட்ட ஒலிபரப்பு நிலையங்களைத் தூரத்திலிருந்து கவனமாகக் கேட்டதால் வந்தது. கேட்பது இங்கே அளப்பதாகவும் இருந்தது.

மத்திய அலை என்பது 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கக் கண்டங்களில் 1700 வரை நீளும். பகலில் நமக்கு வருவது நிலத்தை ஒட்டித் தவழ்ந்துவரும் அலை. மண்ணின் ஈரம், பாறை, டிரான்ஸ்மிட்டரின் ஆற்றல் ஆகியவற்றைப் பொறுத்து நூறு, இருநூறு கிலோமீட்டரில் அது தேய்ந்துவிடும். மேல்நோக்கிப் போகும் அலை 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு எனப்படும் பகுதிக்குள் நுழைகிறது. சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்கே கொஞ்சம் எலெக்ட்ரான்களைப் பிரித்து வைத்திருக்கும். எண்ணிக்கையில் அவை குறைவுதான். ஆனால் அந்த உயரத்தில் காற்று இன்னும் அடர்த்தியாக இருப்பதால், அலை ஆட்டிவிடும் எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் அடுத்த கணமே ஒரு மூலக்கூறில் மோதுகிறது. அலையின் ஆற்றல் அங்கேயே வெப்பமாகி முடிந்துபோகிறது.

சூரியன் மறைந்ததும் அந்த எலெக்ட்ரான்கள் விரைவில் மறுபடியும் அயனிகளோடு சேர்ந்துவிடுகின்றன. டி அடுக்கு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அதற்கு மேலே நூறு கிலோமீட்டரை ஒட்டிய ஈ அடுக்கிலும், இருநூறுக்கு மேற்பட்ட எஃப் அடுக்கிலும் காற்று மிக மெல்லியது. பிரிந்த எலெக்ட்ரான்கள் மறுபடி சேர்வது மெதுவாகவே நடக்கும். அவை இரவிலும் அலையை வளைத்துத் தரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த அடுக்குகள் சேர்ந்த அயனி மண்டலம் இரவில் வலுக்கிறது, அதனால்தான் தூரத்து நிலையம் கேட்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். நடப்பது நேர்மாறு. இரவு புதிதாக எதையும் கட்டுவதில்லை. பகலில் குறுக்கே இருந்ததை எடுத்துவிடுகிறது. ஒரே தாவலில் ஈ அடுக்கு வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டர், எஃப் அடுக்கு வழியாக அதைப்போல் இரு மடங்குவரை போகலாம்.

இந்தப் பகல் இரவு வேறுபாட்டை முதலில் தெளிவாகக் கண்டவர் மார்க்கோனி. 1902 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா என்ற கப்பலில் அமெரிக்கா நோக்கிப் போனபோது, இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வந்த சமிக்ஞைகளை நாளெல்லாம் பதிவு செய்துகொண்டே போனார். பகலில் சுமார் 1100 கிலோமீட்டரோடு அவை நின்றுபோயின. இரவில் 3000 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டன. காரணத்தை அவர் தவறாக ஊகித்தார்: டிரான்ஸ்மிட்டரின் உயரமான கம்பிகளில் ஏறிய மின்னூட்டத்தைப் பகல் வெளிச்சம் வடியவிடுகிறது என்று நினைத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், ஒருவரையொருவர் அறியாமல், உயரே மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதை நிரூபிக்க இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

1924 டிசம்பர் 11 இரவு, பிபிசியின் போர்ன்மத் நிலையம் அன்றைய நிகழ்ச்சிகளை முடித்த பிறகு, அதன் டிரான்ஸ்மிட்டரை எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். நிலையத்தின் அலைநீளத்தை மெதுவாக மாற்றச் செய்து, ஆக்ஸ்ஃபோர்டில் அதன் ஒலிவலு ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார்கள். நிலத்தோடு வரும் அலையும் மேலே போய்த் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பதும், எதிரெதிராகி அழிவதும்தான் அந்த ஏற்ற இறக்கம். எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதிலிருந்து இரு வழிகளின் நீள வேறுபாடு கிடைத்தது. அதிலிருந்து அடுக்கின் உயரம் கிடைத்தது, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு வந்தது. நேயர்கள் சலித்துக்கொண்ட அந்த மங்கலும் மீளலும்தான், பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட அதே குறைதான், இங்கே தரவானது. கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா 1930 வாக்கில் அந்நகரத்து வானொலி நிலையத்தின் ஒலிபரப்பைத் தொலைவில் வாங்கி, இந்திய வானத்தின் ஈ அடுக்குக்கு ஆதாரம் தேடினார். மேல் வளிமண்டலத்தைப் பற்றி அவர் எழுதி 1947இல் ஏசியாடிக் சொசைட்டி வெளியிட்ட நூல் உலகெங்கும் பாடநூலாக வாசிக்கப்பட்டது. ஒலிபரப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் மித்ராவுக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்கு வருத்தம்.

ஆய்வகத்துக்கு வெளியே இருந்தவர்கள் செய்ததும் குறைவில்லை. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர், ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் ஊரில் கடலோரத்து வயலில் கூடாரம் அடித்தார். கொட்டும் மழை, குளிர். ஏறத்தாழ 400 மீட்டர் நீளக் கம்பியைத் தரைக்குச் சற்று மேலாக அமெரிக்காவை நோக்கி இழுத்துக் கட்டியிருந்தார். ஹெரால்ட் பெவரிஜ் அப்போதுதான் உருவாக்கியிருந்த ஏரியல் வகை அது. 200 மீட்டர் வரிசை அலைகளால் பயனில்லை என்று கருதியே அவற்றை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த அலைகளில் அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து வந்த பல நிலையங்களைக் காட்லி கேட்டார். கனெக்டிகட்டிலிருந்து இயங்கிய 1பிசிஜி நிலையம் அனுப்பிய ஒரு முழுச் செய்தியையும் எழுதி எடுத்தார். அவர் கேட்ட அலைவெண்கள் இன்றைய மத்திய அலையின் மேற்பகுதிக்குள் அடங்கும்.

அதற்கடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு வழக்கம் உருவானது. சிகாகோ நிலையங்கள் திங்கட்கிழமை மாலையானதும் தாங்களாகவே ஒலிபரப்பை நிறுத்திவிடும். நகரத்து மக்கள் தூரத்து ஊர்களின் நிலையங்களைத் தேடிப் பிடிக்கட்டும் என்பதுதான் நோக்கம். வேறு நகரங்களிலும் இத்தகைய மௌன இரவுகள் இருந்தன. விளம்பர வருமானம் பெருகியதும் வழக்கம் நின்றது. வாரத்தில் ஓரிரவு தன் குரலை அடக்கிக்கொண்டு மற்றவர் குரலுக்கு இடம் விட்ட ஊடகம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு வந்தது ஆற்றலின் காலம். ஓஹையோவின் சின்சினாட்டி நகரத்து டபிள்யூஎல்டபிள்யூ நிலையம் 1934 முதல் 1939 வரை 500 கிலோவாட்டில் இயங்கி, இரவில் கண்டத்தின் பெரும்பகுதியை எட்டியது. ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் வானொலி தன் ஆங்கில நிகழ்ச்சியை 1951இல் 208 மீட்டருக்கு மாற்றியது. பகலில் அந்த அலை பிரிட்டனை எட்டாது. ஆகவே ஒலிபரப்பு மாலையில்தான் தொடங்கும். பாட்டின் நடுவே நிலையம் மங்கிப்போய் மறுபடி வரும். பிபிசி தராத இசையைத் தேடிய ஒரு தலைமுறை பிரிட்டிஷ் இளைஞர்கள் 1991 வரை அந்த மங்கலோடு சேர்த்தே அதைக் கேட்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் திருச்சி வானொலியும் தமிழகத்துக் கரையோர ஊர்களில் இலங்கை வானொலியும் பட்டப்பகலில் தெளிவாகக் கேட்டதை, இரவில் தூரத்து நிலையம் கேட்பதோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் வேறு வேறு. உப்புநீர் சாதாரண நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும்; அதனால் பாக் நீரிணைக்கு மேலாகத் தவழும் அலை தேயாமல் கரையேறுகிறது. அங்கே வானத்துக்கு வேலையே இல்லை. இலங்கையை நோக்கி இந்திய வெளிநாட்டு ஒலிபரப்பைக் கொண்டுசென்ற தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரும் கடற்கரையில் நின்ற பயனை இப்படித்தான் பெற்றது.

வானத்து அலையைப் பொறுத்தவரை தென் தமிழ்நாடு உலகிலேயே விசேஷமான இடங்களில் ஒன்று. காரணம் புவிகாந்தம். காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் தரைக்குச் சரிமட்டமாக நிற்கும் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான். இந்தக் கோடு மத்திய அலை நேயருக்கு என்ன செய்கிறது?

நிமிர்ந்து நிற்கும் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையின் மின்புலம் மேலும் கீழுமாக ஆடும். புவிகாந்தக் கோடுகளோ இங்கே வடக்குத் தெற்காகப் படுத்த வாக்கில் ஓடுகின்றன. அலை கிழக்கு மேற்காகப் போனால், அதன் ஆட்டம் காந்தக் கோடுகளுக்கு முற்றிலும் குறுக்காக அமைகிறது. அயனி மண்டலத்தில் அது முழுவதும் இயற்பியலாளர்கள் அசாதாரண அலை என்று பெயரிட்ட வகையாகவே நுழைகிறது. காந்தப்புலத்தில் எலெக்ட்ரான்கள் சுழலும் வேகமும் மத்திய அலையின் அதிர்வும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அந்த வகை அலை மிகக் கடுமையாக உறிஞ்சப்படும். அதே அலை வடக்குத் தெற்காகப் போனால் ஆற்றலில் பாதி சாதாரண அலையாகப் பிரிந்து தப்பிவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கீட்டு முறையில் இதற்குத் தனி இழப்பே சேர்க்கப்படுகிறது. அந்தக் கோட்டின் மேலேயே நின்று நேர் கிழக்கு மேற்காக அனுப்பினால் ஒரு முனைக்கே 28 டெசிபெல். ஆற்றல் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குவதற்குச் சமம்.

ஆகவே திருநெல்வேலியில் உட்கார்ந்து தேடுபவருக்கு நேர் வடக்கே உள்ள டெல்லி, ஏறத்தாழ அதே தூரத்தில் கிழக்கே உள்ள மலேசியக் கரையைவிட எளிது. சென்னைக்கு வந்தால் இந்தப் பாரபட்சம் குறையும், மறையாது. ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளை மட்டும் படித்துப் பழகியவர்களுக்கு இது தெரியாது. அவர்களது வானத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. நம் வானத்தில் வேறொரு தொல்லையும் உண்டு, இடி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் மின்னல்கள் மத்திய அலை முழுவதையும் கரகரப்பால் நிரப்பிவிடும். மழை ஓய்ந்து, மார்கழியிலிருந்து மாசி வரையிலான இரவுகளே இங்கே கேட்பதற்கு நல்லவை.

இந்தக் கலைக்கு வேண்டிய கருவி எளியது. டிரான்சிஸ்டரின் உள்ளே கிடக்கும் ஃபெரைட் தண்டுதான் மத்திய அலைக்கு ஏரியல். அதன் முனை எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையிலிருந்து வரும் அலையை அது ஏறக்குறைய வாங்கவே வாங்காது. பெட்டியை மெல்லத் திருப்பி, உரத்த நிலையத்தின் பக்கம் தண்டின் முனையைக் காட்டினால் அது அடங்கும். அதே அலைவரிசையில் அடியில் கிடந்த வேறொரு நிலையம் மேலெழும். எந்த நேரம் என்பதும் முக்கியம். இருள் கிழக்கிலிருந்து வருவதால் மாலையில் கிழக்கத்திய நிலையங்கள் முந்திக்கொள்ளும். விடியும்போது மேற்கத்தியவை கடைசிவரை தங்கும். சூரியன் உதிக்கும் தறுவாயில் சில நிலையங்கள் இரவெல்லாம் இல்லாத வலுவோடு வந்து, சில நிமிடங்களில் ஓய்ந்துபோகும்.

இதில் தேர்ந்தவர்கள், டிஎக்ஸர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், ஆதாரத்தில் வைக்கும் கண்டிப்பு என்னை மிகவும் ஈர்த்தது. அலைவரிசைப் பட்டியலைப் பார்த்து, இது அந்த நிலையமாகத்தான் இருக்கும் என்று எழுதுவதை அவர்கள் ஏற்பதில்லை. நிலையத்தின் பெயரைக் காதால் கேட்க வேண்டும். அல்லது வேறெங்கும் வராத நிகழ்ச்சி விவரம் கையில் இருக்க வேண்டும். உலகப் பொது நேரம், அலைவெண், ஒலிவலு, இடையூறு, மங்கல் எல்லாவற்றையும் குறித்து நிலையத்துக்கு அனுப்புவார்கள். நிலையம் சரிபார்த்து, ஆம் என்று கியூஎஸ்எல் அட்டை அனுப்பினால்தான் கணக்கில் சேரும்.

இந்தக் கண்டிப்பின் உச்சத்தைப் பின்லாந்தின் வடகோடியில், லெம்மென்யோக்கியில் காணலாம். நடுக் குளிர்காலத்தில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பெவரிஜ் கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டு, அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஹவாயிலும் உள்ள சிறு நிலையங்களைக் கேட்கிறார்கள். அலைவரிசைப் பங்கீட்டின் ஒரு விவரம் அவர்களுக்கு உதவுகிறது: ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், அமெரிக்காவில் 10 இடைவெளியில். எனவே அமெரிக்க நிலையங்கள் பெரும்பாலும் நம் நிலையங்களின் இடுக்குகளில் விழும். 90ஆல் வகுபடும் எண்களில் மட்டும் இரண்டும் மோதும். சென்னையின் 720 அப்படிப்பட்டது, சிகாகோவின் டபிள்யூஜிஎன் நிலையமும் அதே 720தான். சூரியனில் புயல் கிளம்பினால் துருவ வழி அடைபட்டு, அமெரிக்க நிலையங்கள் நாள்கணக்கில் காணாமல் போகும். அவர்களுடைய குறிப்பேடுகளைப் படித்தால் சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சியைத் தேதிவாரியாகப் பின்தொடரலாம். மென்பொருள் வானொலிகள் வந்தபிறகு மத்திய அலை முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிந்து, பின்னர் ஒவ்வொரு அலைவரிசையாகக் கேட்கிறார்கள்.

பொதுமக்களே இதை ஒரு சோதனையாகச் செய்ததும் உண்டு. 1999 ஆகஸ்ட் 11 முழுச் சூரிய கிரகணத்தின்போது, இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகம் ஸ்பெயினின் லா கொருன்யாவிலிருந்து 639 கிலோஹெர்ட்ஸில் வரும் நிலையத்தைத் தேடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் பிரிட்டனில் கேட்காத நிலையம் அது. நிழல் கடந்தபோது டி அடுக்கு தற்காலிகமாகத் தளர்ந்தது. பகல் வேளையில் ஸ்பானிய ஒலிபரப்பு வீடுகளிலிருந்த சாதாரணப் பெட்டிகளில் வந்தது. ஏராளமானோர் எங்கே, எப்போது கேட்டது என்று எழுதி அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் ஆய்வுக்குப் பயன்பட்டன.

இந்த ஏற்பாடு இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. பெரோமுன்ஸ்டர் 2008 இறுதியில் ஓய்ந்தது. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு 2015 முடிவோடு மத்திய அலையை விட்டது, இத்தாலியின் ராய் 2022இல். 2023 பிறந்தபோது லக்ஸம்பர்க்கின் நெட்டலையும் இல்லை. பிபிசி ரேடியோ 4 தன் மத்திய அலையை 2024 ஏப்ரலில் நிறுத்தியது. நம் நாட்டில் இரவுக்காகவே 1988இல் தொடங்கப்பட்டு நாக்பூரின் 1000 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஒலித்த தேசிய அலைவரிசை முடிவுக்கு வந்துவிட்டது. வேறு பல மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களும் நிறுத்தப்பட்டுள்ளன. மின்கட்டணத்தை நினைத்தால் நிர்வாகங்களைக் குறை சொல்வது எளிதல்ல. பெரிய நிலையங்கள் ஓய்ந்ததால் அடியில் மறைந்திருந்த சிறிய நிலையங்கள் இப்போது வெளிப்படுகின்றன என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆதாயத்தையும் நம் வீடுகளே விழுங்குகின்றன. எல்இடி விளக்கு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கருவி என ஒவ்வொன்றின் மின்மாற்றிச் சுற்றும் மத்திய அலையில் இரைச்சலைக் கொட்டுகிறது. ஊர் முழுக்க மின்தடை ஏற்பட்ட இரவில் டிரான்சிஸ்டரை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். இரைச்சல் வரம்புக்குத் தரநிலை இருந்தும் கடைத்தெருவில் விற்கும் மலிவான சார்ஜர்களில் வடிகட்டிச் சுற்றே இல்லாமல் போவது, நுகர்வோர் அமைப்புகள் கையில் எடுக்க வேண்டிய விஷயம்.

அறியப்பட்ட இடத்திலிருந்து, அறியப்பட்ட ஆற்றலில், இரவும் பகலும் மாறாமல் வரும் அலைதான் கீழ் அயனி மண்டலத்தைத் தரையிலிருந்து கவனிக்க மலிவான வழி. எல்லா நிலையங்களையும் காப்பாற்றச் சொல்லவில்லை. காந்தக் கோட்டை ஒட்டிய திருநெல்வேலி, தூத்துக்குடி, திருச்சி போன்ற சிலவற்றையாவது, அவற்றின் ஒலிபரப்பு நேரமும் ஆற்றலும் பொதுவில் அறிவிக்கப்பட்ட நிலையில், தொடர்ந்து இயக்க வேண்டும். அதற்கு உடனடிக் காரணமும் இருக்கிறது. 2031 மே 21 அன்று கங்கணச் சூரிய கிரகணம் கேரளத்தையும் மதுரை உள்ளிட்ட தென் தமிழ்நாட்டையும் வட இலங்கையையும் கடக்கிறது. சூரிய வட்டின் பெரும்பகுதி பகல் வேளையில் மறையும். புவிகாந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் நிழல் போவதால், 1999இல் பிரிட்டனில் செய்ததை வேறுபட்ட வானத்தின் கீழ் செய்து பார்க்கலாம். வடக்கே உள்ள நிலையங்களையும் கிழக்கு மேற்கில் உள்ளவற்றையும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடலாம். அந்தப் பகுதியின் கல்லூரி இயற்பியல் துறைகள் மாணவர்களின் கையில் டிரான்சிஸ்டரையும் குறிப்பேட்டையும் கொடுத்து இப்போதிருந்தே பழக்கத் தொடங்கலாம். கிரகணத்தன்று கேட்டதை ஒப்பிட, அதற்கு முந்தைய சாதாரண நாள்களின் பகல், இரவுக் குறிப்புகள் பல மாதங்களுக்குக் கையில் இருந்தாக வேண்டும்.